அட்மிஷன் சேலை

மலையடிவாரத்தில் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. யாரோ பழக்கடை போட்டு, வியாபாரம் ஓடாமல் விட்டுப் போனது. பள்ளி விடுமுறை நாட்களில் அப்பாவின் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடிந்தும் விடியாத நேரம். மலையிலிருந்து இறங்கிய மேகம் ரோட்டுக்கு மேலே அசையாமல் நிற்கும். கொட்டகைக்குள் ஓர் ஆபீஸ்காரி நுழைவாள். கஞ்சி போட்டு மடித்த சேலை, தோளில் கைப்பை, தலையில் ஒரு முழம் பூ. ஐந்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து ஒரு தோட்டக்காரி வெளியே வருவாள். சாயம் போன பாவாடை, அதற்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. தூக்கக் கலக்கத்தில் எனக்கு அவர்கள் இரண்டு பேராகவே தெரிந்தார்கள். உள்ளே போனவள் இன்னும் வரவில்லையே, அவளை விட்டுவிட்டுப் போகிறோமே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் தெருவிலும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குழாயடியிலும் ரேஷன் கடையிலும் அவள் ‘டிகிரி’தான். தெருவில் கல்லூரி வரை போன முதல் பெண். பி.எஸ்சி. வேதியியல். அவளுக்குக் கல்லூரியில் கிடைத்ததை ஊர் அவளுக்கே பட்டப்பெயராக வைத்துவிட்டது. கூப்பிடுகிற குரலிலேயே அது மரியாதையா கிண்டலா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் கிண்டல். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன்.

போடியில் விடியற்காலையில் ஜீப்பு ஸ்டாண்டுக்கு வந்தால் பாதி ஊர்ப் பெண்களைப் பார்த்துவிடலாம். மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுக்க, களையெடுக்க, காய்ந்த இலை உரிக்க என்று நூற்றுக்கணக்கில் ஏறிப் போவார்கள், சாயங்காலம் இறங்கி வருவார்கள். அப்பா ஒரு பழைய கமாண்டர் ஜீப்பு ஓட்டினார். என் அம்மா மலைக்குப் போகாமல், ஊருக்குள்ளேயே ஒரு குடோனில் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்குகிற வேலைக்குப் போனாள். அந்த ஜீப்பின் பின்பக்கத்தில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் பெண்களில் அக்காவும் ஒருத்தி. “என் வண்டியில ரெண்டு டிகிரி, ஒரு டிப்ளமோ. எல்லாருக்கும் அதே சீட்டு, அதே குலுக்கல்” என்று அப்பா புது டிரைவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அக்கா அதற்கும் சிரிப்பாள்.

ஒருதடவை நான் கேட்டேவிட்டேன். “இவ்வளவு படிச்சிட்டு ஏன்க்கா மலைக்கு வர்றீங்க?”

“மதுரையில ஒரு மருந்துக் கம்பெனி லேப்புல சேந்தேன். விடுதிக்கும் பஸ்சுக்கும் போக மிஞ்சுனது மலைச் சம்பளத்துல பாதிகூட வரல. அம்மாவுக்கும் முடியல, தனியாக் கெடந்துச்சு. வந்துட்டேன்” என்றாள். அதற்குமேல் கேட்டால், “வளைவு வருது, கம்பியப் பிடிச்சுக்க” என்பாள்.

வளைவுகளைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. போடி மெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பழகாதவர்களுக்கு நாலாவது வளைவிலேயே வயிறு குமட்டும். கவனத்தைத் திருப்புவதற்காக அவள் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தனிமத்தின் பெயரை வைத்திருந்தாள். முதல் வளைவு ஹைட்ரஜன். இரண்டாவது ஹீலியம். அப்படியே மேலே மேலே போய், பதினேழாவது குளோரின். ஜீப்பு திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடியபடி மெதுவாகப் பெயரைச் சொல்லுவாள், மற்றவர்கள் தூக்கத்திலேயே திருப்பிச் சொல்லுவார்கள். அந்த முணுமுணுப்பு இப்போதும் சில நாள் விடியலில் எனக்குக் கேட்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட, “கார்பன் தாண்டி ஓரமா நிப்பாட்டுண்ணே, ஒதுங்கணும்” என்பார்கள். “எனக்கு இந்தப் போரான் வந்தா மட்டும் வயித்தப் பொரட்டுது தாயி” என்பாள் தேவாரத்திலிருந்து வரும் ஒரு பெரியம்மா. எட்டாம் வகுப்போடு நின்ற என் அப்பாவிடம், ஒன்பதாவது வளைவில் லாரி மல்லாந்து கிடக்கிறது என்று யாராவது சொன்னால், “புளோரின்லயா?” என்று கேட்பார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் புளோரின் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நான் எட்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் அது நடந்தது. ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடையை ஒட்டித் தேனி பஸ் நிற்கும் இடம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒருவர் கல்லூரி விண்ணப்பத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர், புள்ளையச் சேக்கலையா என்று கேட்க, அவர் எங்கள் ஜீப்பைத் தாடையால் காட்டினார்.

“அந்தா உக்காந்திருக்கா பாரு, பி.எஸ்சி. படிச்சவ. மூணு வருசம் செலவழிச்சுப் படிக்க வச்சு மலைக்குத்தான் அனுப்பணும்னா, இப்பவே அனுப்பிட்டுப் போறேன்.”

விண்ணப்பத்தை டீக் கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது.

அக்கா அன்றைக்கு ஹைட்ரஜன் சொல்லவில்லை. ஹீலியமும் சொல்லவில்லை. பெரியம்மா, “ஏத்தா, எது வரைக்கும் வந்திருக்கோம்?” என்று கேட்டுப் பார்த்தாள். எங்கள் தெருவில் மட்டுமல்ல, அந்த டீக்கடைக்கு வந்து போகிற எல்லாத் தெருவிலும், பெண்ணை மேலே படிக்க வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தால் கடைசியில் அவள்தான் வந்து நிற்பாள். ‘அவளப் பாரு.’ அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வருஷம் வைகாசியில் அந்தச் சேலை வந்தது.

ரிசல்ட் வந்த மறுநாள் காலையில், தேனி பஸ் நிற்கும் இடத்தில் ஓர் ஆபீஸ்காரி நின்றாள். வெளிர்நீலத்தில் சின்னக் கரை போட்ட சேலை. தோளை நிமிர்த்தி, முந்தானை மடிப்பைக் கையால் ஒருமுறை நீவிவிட்டு, டீக்கடைக்கு முகம் தெரிகிற மாதிரி நின்றாள். கேட்டவர்களிடம், தேனியில் ஓர் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். தேனி பஸ்சில் ஏறினாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பின்தெருக்கள் வழியாக ஓட்டமும் நடையுமாக வந்து, ஊர் முடிகிற இடத்தில் எங்கள் ஜீப்பில் ஏறினாள். முந்தலில் இறங்கிச் சேலை மாற்றினாள். ஜீப்பில் இருந்த பெண்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “அட்மிஷன் சேலை நல்லா இருக்குடி” என்றாள் பெரியம்மா. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

பின்னால் யோசித்தால் எவ்வளவு ஓட்டை அந்த ஏற்பாட்டில் என்று எனக்குச் சிரிப்பு வருகிறது. காலை ஆறு மணிக்கு எந்த ஆபீஸைத் திறக்கிறார்கள்? ஆடியில் அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி நேராக ஜீப்பு ஏறுவாள். முதல் வருஷம் ஆடிட்டர் ஆபீஸ், அடுத்த வருஷம் இன்சூரன்ஸ், அதற்கடுத்த வருஷம் தண்ணீர் லேப். ஊர் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? கண்டுபிடிக்கவில்லை. பிளஸ் டூ முடித்த மகள் இருக்கிற அப்பா மட்டும்தான் வைகாசியில் அவளைக் கவனிப்பார். மற்றவர்களுக்கு அவள் எந்தச் சேலை கட்டினாலும் ஒன்றுதான். அடுத்த வருஷம் வேறு அப்பாக்கள். இந்தச் சூட்சுமத்தை அவள் எப்படிப் பிடித்தாள் என்று தெரியவில்லை. எந்த வீட்டில் எந்தப் பெண் எவ்வளவு மார்க் என்று அவளுக்கு அத்துப்படி.

இதில் என் அப்பாவுக்கும் பங்கு உண்டு. அவள் பின்தெரு சுற்றி வரும்வரை, டயரைத் தட்டிப் பார்ப்பது போலவும் பானெட்டைத் திறந்து பார்ப்பது போலவும் ஜீப்பை ஊர் எல்லையில் நிறுத்திவைப்பார். “வெரசா வாம்மா டிகிரி, தோட்டத்து மேஸ்திரி என்னையத்தான் ஏசுவான்” என்று சலித்துக்கொள்வாரே தவிர, ஒருநாளும் விட்டுவிட்டுப் போனதில்லை. ஊரார் பிள்ளைகளுக்காக அவர் அப்படி நின்றதைப் பார்த்து, என் முறை வரும்போது எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அது என் முட்டாள்தனம்.

அந்த மூன்று வைகாசிகளில் அவளைப் பார்த்துச் சேர்த்துவிடப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று அவளுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருத்தி பாண்டீஸ்வரி. பக்கத்துத் தெரு பால்காரர் மகள். முதல் வருஷச் சேலைக்குச் சேர்ந்தவள், பி.காம். கல்லூரி திறந்து, ஆடியில் முதல் சனிக்கிழமை அவள் தேனி பஸ்சில் ஏறுவதை அக்கா எங்கள் ஜீப்பிலிருந்து பார்த்தாள். தலைத்துண்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தாள். அன்று மேலே போகும்வரை அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

நான் பிளஸ் டூ முடித்த வைகாசியில் பாண்டீஸ்வரி எங்கள் ஜீப்பில் ஏறினாள்.

படிப்பை முடித்திருந்தாள். தேனியில் நாலு இடத்தில் கேட்டுவிட்டு, ‘அனுபவம் இருந்தா வாம்மா’ என்று எல்லா இடத்திலும் சொன்னதைக் கேட்டுவிட்டு, மலைக்கு வந்திருந்தாள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நானும் அன்று ஜீப்பில் இருந்தேன். ஊர் எல்லையில் அப்பா வழக்கம்போல நிறுத்தினார். மேல்மூச்சு வாங்க ஓடிவந்து, நீலச் சேலையோடு அக்கா ஏறினாள். ஏறிய பிறகுதான் பாண்டீஸ்வரியைப் பார்த்தாள்.

“என்னக்கா, இந்தப் பக்கம்? இன்னிக்கு ஆபீஸ் லீவா?” என்றாள் பாண்டீஸ்வரி.

முந்தலில் ஜீப்பு நின்றது. அக்கா இறங்கிக் கொட்டகைக்குள் போனாள். ஐந்து நிமிடம் கழித்துச் சட்டையும் தலைத்துண்டுமாக வந்தாள். பாண்டீஸ்வரி அவளை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

“உன்னக் காட்டித்தான்க்கா எங்கப்பா மாட்டை வித்தாரு.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அக்கா ஏறி, தன் ஓரத்து இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து, நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரி அந்த இடத்துக்கு நகரவில்லை. காலியான அந்த இடத்தோடு ஜீப்பு மேலே ஏறியது. பதினேழு வளைவுகளும் பெயர் இல்லாமல் கடந்து போயின.

மறுநாள் அவள் தேனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போகவில்லை. தோட்டத்துச் சட்டையோடு நேராக ஜீப்பு ஸ்டாண்டுக்கு வந்தாள். கைப்பையை மட்டும் மடியில் வைத்திருந்தாள், பழக்கதோஷம்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வேஷம் கட்டியவள், என் முறை வந்தபோது கலைத்துவிட்டாளே என்று கோபம். பாண்டீஸ்வரிமேலும் கோபம், இன்னும் ஒரு மாதம் வீட்டிலேயே இருந்திருக்கக் கூடாதா என்று. ஆனால் உண்மையில், சேலை இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. அப்பாவிடம் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: “டீக்கடையில நிக்கிறவனுக்கு அந்தச் சேலை மட்டுந்தான் தெரியும். நான் தெனமும் அந்தப் புள்ளைய மலைக்கு ஏத்தி எறக்குறேன். எனக்குத் தெரியாதா ஆத்தா?”

விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அவர் போட மறுத்தார். கோபமாக இல்லை, வருத்தமாக. அம்மா, “அப்பா கெட்டதா சொல்லுவாரு?” என்று ஏலக்காய் வாசனையடிக்கும் கையால் என் தலையைத் தடவினாள். கடைசித் தேதி நெருங்கியது. சும்மா வீட்டில் இருப்பதற்குக் களையெடுக்கவாவது வா என்று அப்பா என்னையும் கூட்டிப் போக ஆரம்பித்தார். அம்மாவின் பழைய பாவாடை, அப்பாவின் பழைய சட்டை. கண்ணாடியில் பார்த்தபோது கொட்டகையிலிருந்து வெளியே வருகிறவளாகவே இருந்தேன். பூர்த்தி செய்த விண்ணப்பத்தையும் மார்க் ஷீட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தூக்குச்சட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேதான் மலைக்குப் போனேன். வீட்டில் வைத்துவிட்டுப் போக மனது வரவில்லை.

கடைசித் தேதி அன்று காலை, முந்தலில் செக்போஸ்ட் கம்பம் தூக்குவதற்காக ஜீப்பு நின்றது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பாமலே கேட்டார்.

“ஏம்மா டிகிரி. ஒண்ணு கேக்குறேன், மூடி மறைக்காமச் சொல்லு. எம் புள்ளையச் சேக்கவா, வேண்டாமா? மதியத்தோட முடியுதாம்.”

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “மேல போறதுக்குள்ள சொல்றேண்ணே.”

கம்பம் தூக்கினார்கள். ஜீப்பு ஏற ஆரம்பித்தது.

அந்தப் பயணம் எனக்கு நினைவிருக்கிற விதத்தில் நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மேகம் ஜீப்புக்குள்ளேயே வந்துவிட்டது போல இருந்தது. எதிரே நாலு முழத்துக்கு மேல் ரோடு தெரியவில்லை. ஹைட்ரஜன் வந்தது, ஹீலியம் வந்தது. யாரும் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு வளைவிலும் பெயர் எனக்குள் தானாக வந்தது. மற்றவர்களுக்கும் வந்திருக்கும். போரானில் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டாவது வளைவில் மேகம் சட்டென்று விலகியது. அங்கிருந்து பார்த்தால் கீழே போடி முழுவதும் தெரியும்.

“ஆக்ஸிஜன்” என்றாள் அக்கா. “நிப்பாட்டுங்கண்ணே.”

அப்பா ரோடு அகலமாக இருக்கிற இடத்தில் ஓரங்கட்டினார். அவள் இறங்கி முன்பக்கம் வந்து, அவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வேலை கெடைக்கும்னு சொல்ல மாட்டேண்ணே. இனிமே யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குக் கெடைக்கல, பாண்டிக்கும் கெடைக்கல, உங்க பொண்ணுக்கும் கெடைக்காமப் போகலாம். கெடைச்சாலும் மலைச் சம்பளம்தான் வரும், அதுவும் வராமப் போகலாம்.” கீழே போடியைப் பார்த்தாள். “ஆனா ஒண்ணு. அந்தச் சேலையக் கட்டிக்கிட்டு அங்க நின்னப்ப, ஒருநாளும் எனக்கு நடிக்கிற மாதிரி இல்லண்ணே. முந்தல்ல எறங்கி இந்தச் சட்டையப் போடுறப்பத்தான் நடிக்கிற மாதிரி இருக்கும். இதுல நீங்க என்ன வெளங்கிக்கிறீங்களோ, செய்யிங்க.”

அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம்கூட இளகவில்லை. அவ்வளவுதான், மேலே போய்க் களையெடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து பாண்டீஸ்வரி சொன்னாள். “சேத்துவிடுங்கண்ணே.”

அப்பா இப்போதுதான் திரும்பினார். “நீயா சொல்ற?”

“நாந்தான் சொல்றேன். எனக்கு அக்கா பொய் சொன்னதுலதான் கோவம். படிச்சதுல இல்ல.”

அக்கா கம்பியைப் பிடித்திருந்த கையிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். பெரியம்மா உள்ளேயிருந்து, “அட, ஒரு கையெழுத்துத்தான? போட்டுவிடப்பு, நேரமாகுது” என்று அதட்டினாள். அப்பா இறங்கி, என் முன்னால் கையை நீட்டினார். பிளாஸ்டிக் கவரைப் பிரித்துக் கொடுத்தேன். சூடான பானெட்டின் மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாகத் தன் பெயரை எழுதினார். கட்டணத்துக்கென்று பையில் இருந்த டீசல் காசை அப்படியே எடுத்துக் கொடுத்தார்.

மேலேயிருந்து தேனி போகிற முதல் பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது. அப்பா நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து அதை மறித்தார். நான் ஓடும்போது அக்கா பின்னால் ஓடிவந்து கைப்பையை என் கையில் திணித்தாள்.

“இப்பிடியேவா போவ? முந்தல்ல வண்டி நிக்கும். சேலை உள்ள இருக்கு, மாத்திக்க. அஞ்சு நிமிசம் போதும்.”

அந்தக் கொட்டகைக்குள் நான் தோட்டக்காரியாக நுழைந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. பழைய வாழைப்பழ வாசனையும், பவுடர் வாசனையும். சுவரில் ஒரு ஆணி, அதில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று தொங்கியது. இத்தனை வருஷம் வெளியிலிருந்து பார்த்த இடம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. எனக்குச் சேலை கட்டத் தெரியாது. ரவிக்கை இரண்டு பேர் நுழைகிற அளவு இருந்தது. பையில் அவள் வைத்திருந்த ஊக்குகளையெல்லாம் குத்தினேன். ஐந்து நிமிடம் போதவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார், டிரைவர் ஹாரன் அடித்தார், செக்போஸ்ட்காரர் வந்து தகரத்தைத் தட்டினார். வெளியே வந்தபோது பஸ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்களில் யாராவது தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால், உள்ளே போன பெண் என்ன ஆனாள் என்று தேடியிருப்பார்கள்.

கல்லூரி ஆபீஸில் விண்ணப்பம் வாங்கிய கிளார்க் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன குரூப்பு?” என்றார். “கெமிஸ்ட்ரி” என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சேலையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் வாங்கவில்லை. “வச்சுக்க. நான் மறுபடி பொய் சொல்லிருவேன்” என்றாள். நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவள் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஒருநாள், பூப்பாறைப் பக்கம் தோட்டத்திலேயே, வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் தங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் அந்த வீட்டில் வேறு யாரோ குடிவந்தார்கள். அப்பா ஜீப்பை விற்றுவிட்டார். மேலே போகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அங்கே அவளை யாருக்கும் டிகிரி என்று தெரியாது, நான் சொன்ன பெயரும் தெரியவில்லை. பாண்டீஸ்வரி இப்போது தேனியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறாள். அவளும் கேட்டுப் பார்த்தாளாம்.

நான் தேனியில் ஒரு சின்னத் தண்ணீர் லேப்பில் வேலை பார்க்கிறேன். அக்கா மூன்றாவது வருஷம் பொய்யாகச் சொன்ன அதே வேலை. பஸ் சார்ஜைக் கழித்தால் மலைச் சம்பளத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சில மாதம் அதைவிடக் குறைச்சல். அவளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

போன வைகாசியில் ஒருநாள், அதே டீக்கடைப் பக்கத்தில் தேனி பஸ்சுக்காக நின்றிருந்தேன். அந்த மாதத்தில் அந்த நீலச் சேலையை எப்படியும் இரண்டு மூன்று தடவை கட்டிவிடுவேன். ஒரு பெரியவர் டீக் கிளாஸோடு என்னிடம் வந்தார். பக்கத்தில் பிளஸ் டூ முடித்த வயதில் ஒரு பெண், கையில் பிளாஸ்டிக் கவர்.

“நீ ஜீப்பு டிரைவர் மகதான தாயி? படிச்ச புள்ள. என்ன சம்பளம் தர்றாங்க?”

உள்ளதைச் சொன்னேன்.

“அட, மலைக்குப் போனாலே அதவிடக் கூட வருமே!”

“வரும்ணே” என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை மடிப்பைக் கையால் ஒருமுறை நீவிவிட்டு, தோளைக் கொஞ்சம் நிமிர்த்தி நின்றேன்.